வீட்டுக்கு முன் பள்ளி: சென்னைப் புறநகரில் அரசுப் பள்ளியை நம்பிக் குடியேறும் குடும்பங்களுக்கு

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் வீடு மாறினால் முதலில் பள்ளியைத்தான் விசாரிப்பார். அங்கே பெரும்பாலான ஊர்களில் பிள்ளைக்கு எந்தப் பொதுப் பள்ளி என்பதை வீட்டு முகவரியே தீர்மானித்துவிடுகிறது. பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அந்தப் பகுதியின் வீட்டு வரியிலிருந்து வருகிறது. நல்ல பள்ளி உள்ள இடத்தில் வீட்டு விலை ஏறும், விலை ஏறினால் வரி கூடும், வரி கூடினால் பள்ளிக்கு இன்னும் பணம் வரும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அவர் சென்னையில் இருக்கும் தம்பியிடம், "நல்ல ஸ்கூல் இருக்கிற ஏரியாவா பார்த்து வீடு எடுடா" என்பார். அறிவுரை சரிதான். ஆனால் இங்கே அது அப்படியே செல்லாது.

சென்னையில் அரசுப் பள்ளிக்கு அப்படி ஒரு முகவரிக் கட்டுப்பாடு கிடையாது. தாம்பரத்தில் குடியிருப்பவர் பிள்ளையைக் குரோம்பேட்டையில் சேர்க்கலாம். இடம் இருந்தால் கொடுப்பார்கள். அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இடம் கேட்டு நகரின் பல பக்கங்களிலிருந்தும் பெற்றோர் வந்து நிற்பது பழைய கதை. வரி விஷயமும் வேறு. சொத்து வரிக்குள் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது என்றாலும், உங்கள் தெரு கட்டும் வரி உங்கள் தெருப் பள்ளிக்குப் போவதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் போரூரிலும் ஒன்றுதான், போளூரிலும் ஒன்றுதான். வாடகை அதிகமான பகுதி என்பதற்காக அங்குள்ள அரசுப் பள்ளி நன்றாக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. பல இடங்களில் நிலைமை நேர் எதிராக இருக்கிறது.

அதனால் "நல்ல அரசுப் பள்ளி உள்ள டாப் 10 புறநகர்கள்" என்று யாராவது பட்டியல் போட்டால் நம்ப வேண்டாம். இங்கே புறநகரைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பிள்ளை படிக்கப்போகும் பள்ளிகளை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பள்ளிகளுக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கே வாடகை கட்டுப்படியாகிறது என்று அதற்கு அப்புறம் தேடலாம். ஏரியாவின் பெயர் கடைசியில் தானாக வந்து சேரும். புரோக்கர்கள் இந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது வேறு விஷயம்.

பள்ளி யாருடையது?

ஒரு பகுதியில் அரசுப் பள்ளி என்று நாம் பொதுவாகச் சொல்லும் கட்டடங்களுக்குப் பல உரிமையாளர்கள் இருக்கிறார்கள். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், ஆலந்தூர், மடிப்பாக்கம், சோழிங்கநல்லூர் என 42 உள்ளாட்சி அமைப்புகள் உள்ளே வந்தன. ஆனால் அங்கிருந்த அரசுப் பள்ளிகள் உடனே மாநகராட்சிக்கு வரவில்லை. பத்தாண்டுக்கும் மேலாகப் பள்ளிக் கல்வித் துறையிடமே இருந்துவிட்டு, பிறகுதான் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு மாறின. பெயர்ப் பலகையில் 'சென்னை' என்ற சொல்லோடு தொடங்கும் தொடக்கப் பள்ளியோ மேல்நிலைப் பள்ளியோ இருந்தால் அது மாநகராட்சி நடத்துவது.

மாநகராட்சி எல்லையைத் தாண்டினால் வேறு உலகம். ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் தனி மாநகராட்சிகளாயின. ஆவடி திருவள்ளூர் மாவட்டம், தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். குன்றத்தூரும் மாங்காடும் காஞ்சிபுரம் மாவட்டம். மேடவாக்கம், பெரும்பாக்கம் போன்றவை நகரமாக வளர்ந்த பிறகும் நெடுங்காலம் ஊராட்சிகளாகவே இருந்தவை. அங்கே சிறு பிள்ளைகள் படிப்பது 'ஊராட்சி ஒன்றிய' தொடக்கப் பள்ளியிலோ நடுநிலைப் பள்ளியிலோதான். உயர்நிலையும் மேல்நிலையும் 'அரசு' பள்ளிகள். போரூரிலிருந்து கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் மூன்று மாவட்டங்களைத் தொட்டுவிடலாம்.

இதெல்லாம் ஒரு பெற்றோருக்கு எதற்கு என்று கேட்கலாம். கழிப்பறைக் கதவு உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதில் தொடங்கி, எல்.கே.ஜி. உண்டா இல்லையா என்பது வரை எல்லாம் இதைப் பொறுத்துத்தான். சென்னை மாநகராட்சி தன் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடத்துகிறது. ஒன்றியப் பள்ளி என்றால் பக்கத்து அங்கன்வாடியை விசாரிக்க வேண்டும். நவம்பர் மழையில் இன்னொரு தொல்லை. விடுமுறையை அறிவிப்பது அந்தந்த மாவட்ட ஆட்சியர். சென்னைக்கு லீவு, செங்கல்பட்டுக்கு இல்லை என்றோ அல்லது நேர்மாறாகவோ காலை ஆறரை மணிக்குச் செய்தி வரும். மூத்தவள் ஒரு மாவட்டத்திலும் இளையவன் இன்னொரு மாவட்டத்திலும் படித்தால் அன்றைக்கு வீட்டில் யார் இருப்பது என்ற பஞ்சாயத்தைத் தனியாக நடத்த வேண்டியிருக்கும்.

அப்புறம் அரசு உதவிபெறும் பள்ளிகள். நிர்வாகம் தனியார், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் அரசு. பழைய புறநகர்களில் கிறித்தவ அமைப்புகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் இந்தப் பள்ளிகள்தான் பல குடும்பங்களை மூன்று தலைமுறையாகப் படிக்கவைத்தவை. கட்டணம் தனியார் பள்ளியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. 'எய்டட் ஸ்கூலும் கவர்ன்மெண்ட் மாதிரிதானே' என்று சொல்வது தினசரி வாழ்க்கைக்குப் பொருந்தும். ஆறாம் வகுப்பு வரும்போது பொருந்தாது.

ஆறாம் வகுப்பு என்ற திருப்பம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நிறையப் பேர் இதை எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோதான் தெரிந்துகொள்கிறார்கள். அப்போது காலம் கடந்துவிடுகிறது.

2020-ல் மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில் வருகின்றன. உதவிபெறும் பள்ளி வராது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உரிமை உண்டு. இந்த விலக்கு பலருக்குத் தெரிவதில்லை.

இதையே புதுமைப் பெண் திட்டத்திலும் பார்க்கலாம். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மட்டும் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இப்போது உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இந்த உதவியைப் பெறலாம். அதே பள்ளியில் ஆங்கில வழியில் படித்திருந்தால் கிடையாது.

ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை எங்கே படித்தாலும் இந்தக் கதவுகள் திறந்தே இருக்கும். ஆறிலிருந்து எங்கே என்பதுதான் கேள்வி. பல குடும்பங்கள் தலைகீழாகச் செய்கின்றன. வீட்டுக்கு அருகில் என்று ஒன்றாம் வகுப்பை அரசுத் தொடக்கப் பள்ளியில் தொடங்கிவிட்டு, ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உயர்நிலைப் பள்ளி இல்லையென்று தனியார் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாற்றிவிடுகிறார்கள். புறநகரை அளக்கும்போது வீட்டுக்கு எதிரே இருக்கும் தொடக்கப் பள்ளியைப் பார்த்து மயங்காமல், ஆறாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் எங்கே போவோம் என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடியும், நடுநிலை எட்டோடு, உயர்நிலை பத்தோடு. மேல்நிலைப் பள்ளி மட்டும்தான் பிளஸ் டூ வரை கொண்டுபோகும். பிளஸ் ஒன்னில் என்னென்ன பாடப் பிரிவுகள் இருக்கின்றன என்பதையும் கேட்க வேண்டும். கணிதம்–உயிரியல் பிரிவு தமிழ் வழியில் மட்டும் இருக்கலாம், கணினி அறிவியல் ஆங்கில வழியில் மட்டும் இருக்கலாம். அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் 2012-13 வாக்கில் பரவலாகத் தொடங்கியவை. எல்லாப் பள்ளியிலும் எல்லா வகுப்பிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரயில் போட்ட புறநகர், ஐ.டி. போட்ட புறநகர்

சென்னைப் புறநகர்களில் பள்ளிகள் ஏன் ஒரே சீராக இல்லை என்பதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி 1949-ல் வந்தது. நகரத்தில் வேலை, ரயிலடிக்குப் பக்கத்தில் சொந்த மனை என்று நினைத்த குமாஸ்தாக் குடும்பங்கள் இந்தப் பாதை முழுக்க இறங்கின. வடக்கிலும் மேற்கிலும் வேலை தேடி வந்தவர்கள் வேறு மாதிரி. பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் வந்தது, 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தன. இவர்கள் எல்லோரும் பிள்ளைகளை அனுப்பியது நடந்து போகக்கூடிய அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோதான், வேறு வழியும் இருக்கவில்லை. கேட்டு வாங்கத் தெரிந்த பெற்றோர்கள் இருந்ததால் தொடக்கப் பள்ளி நடுநிலையாகவும், உயர்நிலை மேல்நிலையாகவும் தரம் உயர்ந்தது. இன்றைக்கும் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், நங்கநல்லூர், அம்பத்தூர், ஆவடி பக்கம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு தொடர்ச்சி கிடைப்பது எளிதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஓஎம்ஆர் எனும் பழைய மகாபலிபுரம் சாலையின் கதை இதிலிருந்து முற்றிலும் வேறு. டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் 2000-ல் வந்த பிறகு சாலையின் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழுந்தன. அங்கே குடிவந்தவர்களோடு தனியார் பள்ளிப் பேருந்துகளும் கூடவே வந்துவிட்டன. அரசுப் பள்ளி எங்கே போனது? எங்கும் போகவில்லை; பழைய ஊருக்குள்ளேயே, கோயில் குளத்துக்குப் பக்கத்தில், முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாவலூரோ படூரோ, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அந்தப் பழைய ஊர் இருக்கும். பன்னிரண்டாவது மாடியில் இருப்பவருக்கு அப்படி ஒரு பள்ளி இருப்பதே தெரியாது. அங்கே படிப்பது ஊர்க்காரர் பிள்ளைகளும், கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும், அந்த அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகளும். கேட்டு வாங்கும் தெம்புள்ள பெற்றோர் பக்கத்திலேயே குடியிருந்தும் பள்ளிக்குள் இல்லை. இது அந்தப் பள்ளிகளின் குற்றமில்லை, ஆனால் அவற்றின் வளர்ச்சியை இது பாதிக்கிறது.

பெரும்பாக்கமும் கண்ணகி நகரும் இன்னொரு வகை. நகரத்துக்குள் நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புகள் அவை. பெரும்பாக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 வீடுகள். இந்த இரண்டு பெயரையும் கேட்டவுடன் முகம் சுளிக்கும் நடுத்தர வர்க்கப் பழக்கம் எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். அங்குள்ள பள்ளிகளின் உண்மையான சிக்கல் நெரிசல். ஓராண்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இடம் மாற்றிவிட்டு வகுப்பறையை அதற்குப் பின்னால் கட்டியதன் விளைவு அது.

தேர்ச்சி விகிதம் சொல்லாதது

பள்ளி வாசலில் பேனர் வைப்பார்கள்: பிளஸ் டூ தேர்ச்சி இத்தனை சதவீதம். இதை வைத்துப் பள்ளியைத் தரம் பிரிக்க முடியாது. 2025-ல் மாநிலத்தின் மொத்தத் தேர்ச்சி 95.03 சதவீதம், அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91.94. முதலிடம் பிடித்த மாவட்டம் அரியலூர், 98.82. எல்லோரும் தொண்ணூறுக்கு மேல் நெருக்கியடித்து நிற்கும்போது 93-க்கும் 96-க்கும் இடையே ஒரு தாய் எதைப் பார்த்து முடிவெடுப்பார்? சில இடங்களில் ஒன்பதாம் வகுப்பிலேயே பலவீனமான பிள்ளையை வேறு பள்ளிக்குப் போகச் சொல்லி நாசூக்காக வழியனுப்பிவிட்டு 100 சதவீதம் காட்டுவதும் நடக்கிறது. தனியார் பள்ளிகளில் இது அதிகம்.

பேனரை விட ஆசிரியர் எண்ணிக்கை அதிகம் சொல்லும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க நிலையில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடங்களை நிர்ணயிப்பார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகி வேறு பள்ளிக்குப் போய்விடுவார். அறுபது பிள்ளைகள்கூட இல்லாத தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள் இருப்பார்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் பாதி நேரம் கூட்டம், பதிவேடு, எமிஸ் (துறையின் இணையப் பதிவு) என்று அலைவார். அதைப் பார்த்து இன்னும் நாலு பெற்றோர் டி.சி. வாங்குவார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் சரியும். இதற்கு நேர்மாறாக, பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்குப் பணியிடம் கூடும், பாடத்துக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார்.

அமைதியான, கூட்டமே இல்லாத பள்ளி அழகாகத்தான் இருக்கும். நான் கூட்டம் இருக்கும் பள்ளியைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வகுப்புக்கும் குறைந்தது ஓர் ஆசிரியர், பட்டதாரி ஆசிரியரில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் உண்டா, காலியிடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை வைத்து ஓட்டுகிறார்களா என்று விசாரித்தால் பள்ளியின் நாடி தெரிந்துவிடும். யாரிடம் கேட்பது? அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோர்தான். சாயங்காலம் கேட் திறக்கும் நேரத்தில் பத்து நிமிடம் நின்றால் குழுவில் இருக்கும் யாராவது ஓர் அக்கா கண்ணில் படுவார். அவர் சொல்வது எந்த இணையதளத்திலும் இருக்காது. ஒரே ஓர் எச்சரிக்கை: 'இங்க எச்.எம். ரொம்ப நல்லவங்க' என்பதை மட்டும் நம்பி இருபது வருட வீட்டுக் கடன் வாங்காதீர்கள். பொது மாறுதல் கலந்தாய்வு ஒன்று வந்தால் அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

நடக்கும் தூரம், நாலு மணி, தண்ணீர்

கல்வி உரிமைச் சட்டம் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை என்கிறது. சென்னையில் தூரத்தை விடக் குறுக்கே என்ன இருக்கிறது என்பதே முக்கியம். ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் 600 மீட்டரில் பள்ளி இருந்தால் அது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளி அல்ல. ஓஎம்ஆர், வேளச்சேரி–தாம்பரம் சாலை, பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோடு, ரயில் தண்டவாளம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். காலை எட்டரைக்கு ஒருமுறை பிள்ளையோடு அந்த வழியை நடந்து பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தூரம் அவ்வளவு தடையில்லை. அரசு, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்குப் பேருந்தில் இலவசப் பயண அட்டை உண்டு. ரயிலிலும் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே பையன்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை, பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை இலவச சீசன் டிக்கெட் கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் படிக்கவைக்கலாம் என்ற தைரியம் ரயில் பாதைப் புறநகர்களில்தான் வரும்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலையைவிட மாலைதான் கஷ்டம். 2022-ல் தொடங்கி அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டத்தால் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ பள்ளியிலேயே கிடைக்கிறது; 2025 ஆகஸ்டிலிருந்து நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளிலும் உண்டு. மதியச் சாப்பாடும் அங்கேயே. ஆனால் நாலு, நாலரைக்குப் பள்ளி விட்டால், கிண்டியிலோ அம்பத்தூரிலோ வேலை முடித்து அம்மா வந்து சேரும் ஏழு மணி வரை? அரசுப் பள்ளியில் இதற்கு ஏற்பாடு கிடையாது. தனியார் பள்ளிகள் இந்த மூன்று மணி நேரத்தைத்தான் 'ஆக்டிவிட்டி' என்று விற்கின்றன. அதனால் பாட்டி வீட்டுக்கோ, சித்தி வீட்டுக்கோ, பக்கத்துத் தெரு டியூஷன் டீச்சருக்கோ பக்கமாக இருப்பது பெரிய பூங்கா இருப்பதைவிட மதிப்புள்ளது. குடும்பத்துக்கேற்ற ஏரியா என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். கிளை நூலகம் நடக்கும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் இரண்டு விதத்திலும் தொல்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே பெயர்கள் செய்தியில் வந்தன. கூடவே வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இருந்ததில் சிறு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. மிச்சத்தில் சுமார் 1,248 ஹெக்டேருக்கு 2022-ல் ராம்சர் எனும் சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. சதுப்பு நிலத்தில் கட்டிய தெருவில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். வீட்டுக்காரரிடம் கேட்டால் 'இங்கெல்லாம் வராது சார்' என்பார். இஸ்திரி வண்டிக்காரரையோ மளிகைக் கடைக்காரரையோ கேட்டால் சுவரில் கை வைத்தே காட்டுவார். பள்ளியையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். தாழ்வான இடத்துப் பள்ளி மழைக்கு முதலில் மூடும், மேடான இடத்துப் பள்ளி நிவாரண முகாமாகும். இரண்டிலும் பாடம் கெடும். மறுபக்கம் 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு நகரமே லாரிக்குக் காத்திருந்தது. குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் இல்லாத புறநகரில் குடிநீர் லாரிக்கும் கழிவுநீர் லாரிக்கும் சேர்த்து மாதம் எவ்வளவு என்று கேட்டு வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். குறைந்த வாடகை சில சமயம் அதில் கரைந்துவிடும்.

வாடகைக்காரரின் கணக்கு

சொந்த வீட்டுக்காரர் ஒருமுறை முடிவெடுத்தால் போதும். வாடகைக்காரர் பதினொரு மாத ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் பள்ளி மாறுவதற்குப் பாதிக் காரணம் ஹவுஸ் ஓனர்தான் என்று சொன்னால் மிகையில்லை. எனவே ஒரு நல்ல வீட்டைவிட, பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் நம் பட்ஜெட்டில் நிறைய வாடகை வீடுகள் இருக்கும் இடம் மேல். இந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னால் மூன்று தெரு தள்ளிப் போய்விடலாம், பள்ளி மாறாது. ஆதம்பாக்கம், குரோம்பேட்டை, அம்பத்தூர் போன்ற பழைய பகுதிகளில் இரண்டு மாடி வீடுகளும் லைன் வீடுகளும் நெருக்கமாக இருப்பதால் இது நடக்கும். ஒரே ஒரு பெரிய அடுக்குமாடி வளாகமும் சுற்றிலும் காலி மனையுமாக இருக்கும் இடத்தில் நடக்காது. அட்வான்ஸ் விஷயத்தில், பத்து மாதம் கேட்பது சென்னையின் பழைய வழக்கம்; 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகை என்று சொல்கிறது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஒருவேளை ஆண்டின் நடுவில் மாற நேர்ந்தால், எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பழைய தனியார் பள்ளி கட்டண பாக்கி என்று டி.சி.யை நிறுத்தி வைத்தாலும் பிள்ளை வகுப்பில் உட்காரலாம்.

கேந்திரிய வித்யாலயாவைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. தாம்பரம் விமானப்படைத் தளம், ஆவடி, மீனம்பாக்கம் பக்கம் இருக்கின்றன. பணிமாற்றத்துக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களுக்கு முன்னுரிமை. மற்றவர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதை நம்பி அங்கே வீடு எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு அங்கே ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும், மாநில அரசுப் பள்ளியில் ஐந்து போதும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கடைசியாகக் காலம். 2024-லும் 2025-லும் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. பெயர் பெற்ற மேல்நிலைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு ஆங்கில வழி இடங்கள் கோடை விடுமுறைக்குள் நிரம்பிவிடும். சென்னையில் வீடு காலியாவது பெரும்பாலும் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு, ஏப்ரல், மே மாதங்களில். அதனால் மார்ச்சில் பள்ளியில் இடத்தை உறுதி செய்துவிட்டு, பழைய வீட்டிலிருந்தபடியே ஏப்ரலில் அந்தப் பள்ளியைச் சுற்றி 'டு-லெட்' பலகை தேடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். சேர்க்கையின்போது பழைய முகவரியில் இருக்கும் ஆதாரைப் பார்த்து 'இவ்வளவு தூரத்திலிருந்தா?' என்று அலுவலகத்தில் கேட்டால், ஜூனுக்குள் பக்கத்தில் குடிவருகிறோம் என்று சொல்லிவிட்டு, எந்தத் தெருக்களில் வாடகை குறைவு என்று அவர்களிடமே கேளுங்கள்.